ஏழாம் நம்பர்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் முருகேசனுக்கும் மேடவாக்கத்துத் தெருநாய்களுக்கும் நெடுநாள் பகை. காலையில் தண்ணீர் லாரிக்குக் கேட்டைத் திறந்தால், லாரிக்கு முன்னால் நாலு நாய் உள்ளே வந்துவிடும். விரட்டுவதற்கு அவர் ஒரு மூங்கில் கழி வைத்திருந்தார். போன வாரம் நடைப்பயிற்சி என்ற பெயரில் நான் கேட் வரை போய் நின்றபோது, அவர் கையில் கழிக்குப் பதில் வேறொன்று இருந்தது. நீண்ட இரும்புக் கம்பி, நுனியில் திரும்பிய மெல்லிய தகடு. கோல்ஃப் மட்டை.

“ஏதுங்க இது?” என்றேன்.

“ராஜகீழ்ப்பாக்கத்துல காயலான் கடைல கெடந்துச்சு சார். கொம்புக்கு ஒண்ணும் பயப்பட மாட்டேங்குதுங்க. இத்த கண்டா ஓடுதுங்க. நாய் பேஜாரு கொறஞ்சுது.”

கொடுங்கள் என்று வாங்கினேன். பிடியின் ரப்பர் உதிர்ந்துபோய், அதன்மேல் பழைய துணியைச் சுற்றியிருந்தார். தகட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கப் போனேன். அதற்குள் லாரிக்காரர் ஹாரன் அடித்தார். முருகேசன் மட்டையை வாங்கிக்கொண்டு ஓடினார். என் உள்ளங்கையில் துருவின் வாசனை ஒட்டிக்கொண்டது. கையைக் கழுவ மனமில்லாமல் அப்படியே காப்பி குடித்தேன். அன்று முழுவதும் எனக்கு எட்வின் ஞாபகம்தான்.

நான் கோல்ஃப் ஆடியவன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சிரிக்கிறாள். கோல்ஃப் என்றதும் உங்கள் கண்ணுக்கு வருகிற பச்சைப் புல்வெளி, வெள்ளைத் தொப்பி, எலுமிச்சைச் சாறு எதுவும் அங்கே கிடையாது. தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் தொழிற்சாலை இருந்தது. அதன் பின்னால் ஏரிக்கரை வரைக்கும் ஒரு பொட்டல். வெள்ளைக்காரர்கள் இருந்த காலத்தில் அந்தப் பொட்டலில் ஆறு குழி தோண்டி, ஆறு கொடி நட்டு, கோல்ஃப் மைதானம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். மிச்சமெல்லாம் செம்மண், முள், ஆட்டுப் புழுக்கை, அங்கங்கே பனைமரம். கோடையில் பந்து தரையில் விழுந்தால் சிமெண்டுத் தரையில் விழுந்த மாதிரி எகிறும். மழைக்காலத்தில் விழுந்த இடத்திலேயே புதைந்துவிடும். தலைக்குமேல் விமானப்படைக்காரர்களின் பயிற்சி விமானம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டக் கற்றுக்கொள்கிறவனும் நானும் ஒரே தரம்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

குழியைச் சுற்றிப் புல் வளராது. அதனால் ஆற்று மணலில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து வட்டமாகப் பரப்பியிருப்பார்கள். அதற்கு ‘பிரவுன்’ என்று பெயர். ஆடி முடித்தவர்கள், ஒரு கட்டையில் சாக்கு சுற்றிய இழுவையால் தங்கள் காலடித் தடத்தைத் தாங்களே அழித்துவிட்டுப் போக வேண்டும். அது அங்கே மாறாத வழக்கம். மேனேஜர் ஆனாலும் குமாஸ்தா ஆனாலும் இழுத்தே தீர வேண்டும். சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து ஆடிவிட்டு வீடு திரும்பும்போது என் பேண்டின் கீழ்விளிம்பு கறுத்திருக்கும். “மெக்கானிக் ஷெட்டுல வேல பாக்கறீங்களா, ஆபீஸ்ல வேல பாக்கறீங்களா?” என்று மனைவி கேட்பாள். இன்றைக்கும் பைக் பழுதுபார்க்கும் கடையைக் கடந்தால் அந்த வாசனையில் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.

எட்வின் எங்கள் ஆபீஸில் ஸ்டெனோ. நான் பக்கத்து மேஜை. இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயது. அவன் தாம்பரம் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன். யாரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவான், மேனேஜரைத் தவிர. கடைசி வெள்ளைக்கார மேனேஜர் மூட்டை கட்டியபோது வீட்டுச் சாமான்களை ஆபீஸ்காரர்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஃபிரிட்ஜுக்கும் பிரம்பு நாற்காலிக்கும் பெரிய அடிதடி. அவருடைய கடிதங்களையெல்லாம் டைப் அடித்த எட்வின் கேட்டது மூலையில் சாத்தியிருந்த, கோல்ஃப் மட்டைகள் வைத்த தோல் பையைத்தான். “ஃபிரிட்ஜ வுட்டுட்டு இந்தக் கம்பிகள எடுத்துட்டு வந்து நிக்கிறாரு அண்ணா” என்று அவன் மனைவி ஸ்டெல்லா என்னிடம் நியாயம் கேட்டாள். நான் ஃபிரிட்ஜும் இல்லாமல் கம்பியும் இல்லாமல் வீட்டுக்குப் போனவன். என்ன நியாயம் சொல்வேன்?

அந்தப் பையை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் மாற்றி மாற்றி ஆடினோம். யாரும் சொல்லித்தரவில்லை, அது என் ஆட்டத்தைப் பார்த்தாலே தெரியும். இரண்டு முதல் ஒன்பது வரை எட்டு இரும்பு மட்டைகள். எண் கூடக்கூடக் கம்பி குட்டையாகும், தகடு சாயும், பந்து உயரமாகப் போய்க் கிட்டத்தில் விழும். ஒவ்வொன்றின் அடியிலும் அதன் எண் ஆழமாக வெட்டியிருக்கும். அச்சில் வார்த்தவை அல்ல, பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கியவை. தகடு தோசைத் திருப்பியைவிடக் கொஞ்சம்தான் கனம். அந்த மெல்லிய தகட்டின் நடுவில், ஒரு ரூபாய்க் காசளவு இடத்தில் பந்து பட்டால் கைக்கு ஒன்றுமே தெரியாது, வெண்ணெயை வெட்டியது போல இருக்கும். அரை விரற்கடை தள்ளிப் பட்டால் முழங்கை வரைக்கும் சுரீரென்று ஏறும். எட்வினுக்குப் பத்தில் ஏழு வெண்ணெய். எனக்குப் பத்தும் சுரீர். “இது பொய் சொல்லாது மச்சான். பந்து எங்க போச்சுன்னு பாக்கவே வேணாம், கையே சொல்லிடும்” என்பான். அப்போது அதை அவனுடைய அலட்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாலை தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் இறங்கும்போது எட்வின் ஒரு படியைத் தவறவிட்டான். நான் சட்டையைப் பிடித்து இழுக்காவிட்டால் உருண்டிருப்பான். மறுவாரமும் அதே படி. டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துக் கேட்டேன். டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

“பொழுது சாஞ்சா தெரியல மச்சான். பகல்லயும் ஓரமெல்லாம் போயிடுச்சு. குழாய் வழியா பாக்கற மாதிரி இருக்கு. குழாய் சின்னதாயிட்டே வருது.”

“ஸ்டெல்லாவுக்குத் தெரியுமா?”

“பாதி தெரியும். ஆபீஸ்ல சொல்லிடாத.”

நான் சொல்லவில்லை. டைப் அடிப்பதற்கு அவனுக்குக் கண் தேவையில்லை, விரல்களுக்கே எழுத்துகள் தெரியும். தன் சுருக்கெழுத்தைப் படிக்கத்தான் நோட்டை மூக்கருகே கொண்டுபோவான். யாராவது வந்தால் நான் இருமுவேன், அவன் நோட்டைக் கீழே இறக்குவான். நண்பனுக்கு நான் செய்த உதவி அவ்வளவுதான், இருமல். நகரத்தில் இரண்டு டாக்டர்களிடம் போனான். ஒருவர் வைட்டமின் மாத்திரை கொடுத்தார். மற்றவர் வம்ச நோய், ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். வைட்டமின் கொடுத்தவரே நல்லவர் என்று முடிவு செய்துகொண்டோம்.

சனிக்கிழமை ஆட்டத்தை மட்டும் அவன் விடவில்லை. சொல்லப்போனால் இன்னும் பிடிவாதமாக ஆடினான். வேறு எதையும் அவன் கேட்டதில்லை, “இது போற வரைக்கும் போகட்டும் மச்சான்” என்று மட்டும் சொல்வான். நான் கொடியின் திசையைச் சொல்லி, அவன் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்துவேன். “கொஞ்சம் எடது... போதும்.” பந்து விழுந்த இடத்தைப் பார்த்து வைப்பதும் நான்தான். மட்டையை மட்டும் அவனே எடுப்பான். பைக்குள் கையை விட்டு ஒன்றை உருவி, அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு ஆடப் போவான். சில சமயம் தடவிவிட்டுத் திரும்ப வைத்து வேறொன்றை எடுப்பான். மண்ணைத் துடைக்கிறான் என்று நினைத்தேன். எங்கள் மைதானத்தில் மண்ணுக்குக் குறைவா? வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன், வேறு விதமாக நினைக்கத் தோன்றவே இல்லை.

மதுரையில் ஒரு கண் டாக்டர் நன்றாகப் பார்க்கிறார் என்று ஸ்டெல்லாவின் அக்கா கடிதம் எழுதினாள். தீபாவளி கழிந்து, இரண்டு மாத லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். போவதற்கு முந்தின நாள் எட்வின் தோல் பையைத் தூக்கிக்கொண்டு முடிச்சூர் பக்கம் இருந்த என் வாடகை வீட்டுக்கு வந்தான்.

“எங்க வூடு ஒழுகும் மச்சான். ஈரம் பட்டா இது வீணாயிடும். நீ வெச்சிரு. திரும்பி வந்து மொத சனிக்கிழம ஆடணும்.”

“கண்ணு சரியாகி வந்து ஆடு.”

“ஆகலன்னாலும் ஆடணும்.”

கட்டிலுக்கு அடியில் பத்திரமாகத் தள்ளி வைத்தேன். முடிச்சூர் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை மழையில் ஏரி நிறைந்து, ஆறு நிறைந்து, ஒரு விடியற்காலை தண்ணீர் நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தது. முழங்கால் ஆழம். அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றினேன், டிரங்குப் பெட்டியை ஏற்றினேன், மனைவியின் தையல் மெஷினை ஏற்றினேன். பிறகு நாங்களும் ஏறிக்கொண்டோம். கட்டிலுக்கு அடியில் என்ன இருந்தது என்பது மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒழுகுகிற வீட்டிலிருந்து மூழ்குகிற வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான், பாவி.

பை ஊறி உப்பியிருந்தது. மட்டைகளின் மேல்பூச்சு ஏற்கெனவே தேய்ந்திருந்ததால் தகடு முழுக்க செம்பழுப்பாகத் துரு பூத்திருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன், செங்கல் பொடி போட்டுத் தேய்த்தேன், மண்ணெண்ணெயில் ஊறவைத்தேன். துரு போன இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள் நின்றன. கண் சரியாகி வந்து இதைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பல்லாவரத்தில் இஸ்மாயில் பாய் பட்டறை வைத்திருந்தார். சைக்கிள் ஹேண்டில்பார், கார் பம்பர் எல்லாவற்றுக்கும் முலாம் பூசுவார். எட்டு மட்டைகளையும் சாக்கில் சுற்றி, மின்சார ரயிலில் அவரிடம் கொண்டுபோனேன். பாய் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நல்ல தொழிலாளி, அவசரமே படமாட்டார்.

“நல்ல இரும்பு சார். மிருதுவான இரும்பு. தேச்சா கண்ணாடி மாதிரி வரும். ஆனா துரு உள்ள போயிருக்கு, நல்லா இறக்கித் தேய்க்கணும். தகட்டு முகத்துல இருக்கற கோடெல்லாம் போயிடும். அடில இருக்கற நம்பரும் போயிடும். நம்பர் வேணுமா? வேணும்னா அந்த எடத்த விட்டுட்டு தேய்க்கறேன், அங்க மட்டும் கொஞ்சம் கறுப்பா நிக்கும்.”

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நம்பர் எதுக்கு பாய்? பாத்தாலே எது எதுன்னு தெரிஞ்சிடும். கறுப்பு எங்கயும் தெரியக் கூடாது.”

“கேட்டுக்கணும்ல சார்” என்றார் பாய்.

அவர் கேட்டார். அதுதான் இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆறவில்லை. கேட்காமல் செய்திருந்தால் பழியை அவர்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

பொங்கல் கழித்து எட்வின் திரும்பினான். ஸ்டெல்லா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனில் இறங்கியதைப் பார்த்ததுமே மதுரை என்ன சொல்லிவிட்டது என்று புரிந்துவிட்டது. குழாய் மூடிவிட்டிருந்தது. வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்பது மட்டும் தெரிந்தது. ஆனால் முகத்தில் சிரிப்பு இருந்தது. “சனிக்கிழமதான மச்சான்?” என்றான்.

அன்று மாலையே பையை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தோல் பையையும் பாலிஷ் போட்டிருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் முன்னால் வைத்துவிட்டு, வெள்ளத்தைப் பற்றியும் பாயைப் பற்றியும் விஸ்தாரமாகச் சொன்னேன். ஸ்டெல்லா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, “மொகம் தெரியுது இதுல” என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

எட்வின் பைக்குள் கைவிட்டு ஒன்றை உருவினான். கட்டைவிரல் அடிப்பக்கம் போயிற்று. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய், திரும்பி வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தான். மறுபடியும் கட்டைவிரல். மூன்றாவதை எடுத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவன் மண்ணைத் துடைக்கவில்லை. எந்த நாளும் மண்ணைத் துடைத்ததில்லை.

“நம்பர் எங்க மச்சான்?”

“தேய்ச்சதுல... போயிடுச்சு” என்றேன்.

மூன்றாவது மட்டையின் முகத்தை உள்ளங்கையால் தடவினான். பிறகு கேட்டான், “பளபளன்னு இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப சரி” என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பி வைத்தான்.

கேட் வரை வந்த ஸ்டெல்லா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “ஒரு வருஷமா அவரு வெரலாலதான் பாக்கறாரு அண்ணா. உங்களுக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன். சட்டைப் பைல இருக்கற சில்லறையக்கூட அப்படித்தான் எண்ணுவாரு.” அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாளே ஸ்டெல்லாவிடம் ஒரு மட்டையை வாங்கிக்கொண்டு பாயிடம் ஓடினேன். எண்ணைத் திரும்ப வெட்டித் தரச் சொன்னேன். “நான் கேட்டனே சார்” என்றார் வருத்தத்தோடு. உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார். புதுப் பூச்சு அந்த இடத்தைச் சுற்றிச் செதிலாகப் பெயர்ந்தது. தடவிப் பார்த்த என் விரலில் ரத்தம் வந்தது. வேண்டாம் சார், அவர் கையைக் கிழித்துவிடும் என்று பாயே நிறுத்திவிட்டார். அந்த மட்டையை அவர் காசு வாங்காமல் வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். அவராலும் அவ்வளவுதான் முடிந்தது.

சனிக்கிழமை வந்தது. நான் கூப்பிடவில்லை, அவன்தான் கூப்பிட்டான். பையை நான் சுமந்தேன். ஏரியில் தண்ணீர் நிறைந்து, கரையோரம் நாரை நின்றது. முதல் கொடியைப் பார்க்க அவனைத் திருப்பி நிறுத்தினேன். “கொஞ்சம் எடது... போதும்.”

“ஏழ குடு” என்றான்.

பார்த்தாலே தெரிந்துவிடும் என்று பாயிடம் சொன்னவன் நான். பைக்குள் பார்த்தேன். எட்டுக் கண்ணாடிகள் என் முகத்தையே காட்டின. ஆறுக்கும் ஏழுக்கும் நீளத்தில் அரை அங்குல வித்தியாசம். இரண்டையும் தரையில் நிறுத்தி அளந்து பார்த்தால் தெரியும். ஆனால் அவன் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அளக்கிற சத்தம் அவனுக்குக் கேட்குமே என்று கூசியது. ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவன் கட்டைவிரல் பழக்கத்தில் அடிப்பக்கம் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பியது.

வீசினான். பழைய அழகு அப்படியே இருந்தது. பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு, வலப்பக்கம் முள்ளுக்குள் போயிற்று.

“எங்க போச்சு?”

“நேரா போச்சு” என்றேன்.

அவன் வலது கையை உதறினான். “முழங்கை வரைக்கும் ஏறுது, நேரா போச்சாம்.” பிறகு மட்டையை லேசாக ஆட்டிப் பார்த்தான். “இது ஏழு இல்ல மச்சான், ஆறு. எடையெல்லாம் மாறிப் போச்சு, சட்டுனு தெரியல.”

இரண்டையும் சேர்த்து நிறுத்திப் பார்த்தேன். ஆறுதான். கண் இருக்கிறவன் எடுத்துக் கொடுத்தது தப்பு, கண் இல்லாதவன் சொன்னது சரி. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் என் தோளில் கை போட்டான்.

“வா போலாம். பிரவுன இழுக்க வேணாம் இன்னிக்கி, நாம அங்க போகவே இல்லியே.”

அதோடு அவன் ஆடவில்லை. நானும் ஆடவில்லை. எட்வினை ஆபீஸில் டெலிபோன் போர்டுக்கு மாற்றினார்கள். குரலை வைத்தே யார் என்று சொல்லிவிடுவான், எல்லோருக்கும் ஆச்சரியம். எழுபதுகளின் நடுவில் ஸ்டெல்லாவின் ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள். போகிற நாளில் வீட்டைக் காலி செய்ய உதவினேன். தோல் பை அங்கே இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சில வருஷம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து வந்தது, ஸ்டெல்லா எழுத்தில். பிறகு நின்றுவிட்டது.

பொட்டலை மனைபோட்டு விற்றுவிட்டார்கள். ஆறு குழியும் யார் யார் வீட்டுக் கூடத்துக்கு அடியில் இருக்கிறதோ. ஏரியில் பாதிதான் மிச்சம். பாய் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. இரண்டொரு முறை பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது முதல் கொடி எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு பனைமரம்கூட இல்லை, எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

இன்று காலை மறுபடி கேட்டுக்குப் போனேன். லாரி வந்து போயிருந்தது. முருகேசன் டீ குடித்துக்கொண்டிருந்தார், மட்டை சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கட்டைவிரலால் அடிப்பக்கத்தைத் தடவினேன்.

ஐந்து. முதல் தடவையிலேயே தெரிந்தது. மேலே படுத்த கோடு, கீழே வயிறு, இம்மியும் சந்தேகமில்லை. எங்கள் மட்டை இல்லை இது. எங்கள் மட்டைகளில் எண் கிடையாது, நான்தான் அழிக்கச் சொன்னேன்.

“இன்னா சார், கண்ண மூடினு நிக்கிறீங்க? மயக்கமா வருதா?” என்றார் முருகேசன்.

“ஒண்ணுமில்லப்பா” என்று மட்டையை அவரிடமே கொடுத்தேன். பல்லாவரத்தில் பாய் கேட்டபோது இப்படிக் கண்ணை மூடி ஒரு முறை தடவிப் பார்த்திருக்கலாம். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.